தேனுகா குடிக்காத தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையது. முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு ஒளித்துக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு வார இதழுக்காகத் தேனுகாவைப் பேட்டி கண்டேன். பளை ஊர்ப் பிள்ளை. மூவாயிரம் மீற்றர் ஓட்டத்தில் நாட்டிலேயே முதலாவதாக வந்து, பதக்கத்தோடு ஊர் திரும்பியிருந்தார். வீட்டு முற்றத்தில் பந்தல், மாலை, ஒலிபெருக்கி, பேச வந்தவர்கள், படம் எடுக்க வந்தவர்கள். எனக்குக் கிடைத்தது பதினைந்து நிமிடம்.

"காலமை எத்தினை மணிக்கு எழும்புவீங்கள்?"

"நாலரைக்கு."

"பிடிச்ச சாப்பாடு?"

"புட்டு."

இப்படியே போனது. கூச்சம் பிடித்த பிள்ளை, ஒரு கேள்விக்கு ஒரு சொல். அவருக்கு முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்திருந்தார்கள். நான் எழும்பும்வரை அதை அவர் தொடவில்லை.

வவுனியாவுக்குத் திரும்பும் பஸ்ஸில் வைத்தே கட்டுரையை எழுதினேன். இரண்டு பக்கத்துக்கு ஒன்றரைப் பக்கச் சரக்குத்தான் கையில் இருந்தது. ஆசிரியர் தொலைபேசியில், "உருக்கமா ஒண்டு போடுங்கோ. பிள்ளையள் வாசிக்கிற பக்கம்" என்றார். அந்தக் கிளாஸ் ஞாபகம் வந்தது. எழுதினேன்:

"ஓட்டத்துக்கு முதல்நாள் மாலை விளக்கு வைத்ததிலிருந்து, மறுநாள் எல்லைக்கோட்டைத் தாண்டும்வரை, தேனுகா ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. தன் தாகத்தை ஊர்க்கோயில் அம்மாளுக்கு நேர்ந்து வைத்திருக்கிறார்."

ஆசிரியருக்குப் பிடித்துப்போனது. பெரிய எழுத்தில் பெட்டி கட்டிப் போட்டார்.

2

இனிக் கதை. எப்படித் தொடங்குவது என்று நான்கு நாள் முட்டுப்பட்டேன். அந்தத் தொடக்கங்கள் கீழே.

*உடையார்கட்டின் அதிகாலைப் பனியில், வெறுங்காலுடன்…*

நிறுத்தினேன். கதைப் பிள்ளையின் ஊர் உடையார்கட்டுத்தான், ஆனால் நடந்தது ஆடி மாதம். ஆடியில் அங்கே பனி ஏது?

*கண்டிப்புக்குப் பெயர்போன பயிற்றுநர் பிரேமிளாவின் விசில் ஒலித்ததும், மாணவிகள் நடுங்கி…*

இதையும் நிறுத்தினேன். பிரேமிளா மிஸ்ஸைக் கண்டு யாரும் நடுங்குவதில்லை. கெட்டவர் ஒருவர் இருந்தால் கதை சுலபமாக ஓடும் என்பதால் அவரை அப்படி ஆக்கப் பார்த்தேன். கெட்டவர்தான் வேண்டுமென்றால், இந்தக் கதையில் ஆள் ஏற்கனவே இருக்கிறார். அவர்தான் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

*யதுர்ஷிகாவுக்குப் பதினாறு வயது. அவளுடைய கணக்குக் கொப்பியின் முதல் பக்கத்தில் தேனுகாவின் படம் ஒட்டியிருந்தது.*

இது நிற்கலாம். மிஸ் அந்தக் கொப்பியைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருக்கிறார். படத்துக்குக் கீழே என் கட்டுரையும் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பெட்டியின் நாலு பக்கமும் சிவப்புப் பேனையால் கோடு.

(இங்கே கதையை ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். பிள்ளைகள் பெரிய ஆட்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒரு கிரிக்கெட் வீரர் பந்து வீசுமுன் கழுத்துச் சங்கிலியைக் கடித்தால், அடுத்த கிழமை வன்னியில் அறுவடை முடிந்த வயலெல்லாம் சங்கிலி கடிக்கிறவர்கள்தான். சங்கிலி இல்லாதவன் நூலைக் கடிப்பான். அந்த வீரரின் வேகம் அவனுக்கு எட்டாது. கடிப்பது எட்டும். யதுர்ஷிகாவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். தேனுகாவின் சப்பாத்து அவளுக்கு இல்லை. கொழும்பில் பயிற்சி இல்லை. நாளுக்கு மூன்று முட்டை இல்லை. தாய் கட்டட வேலைக்குக் கல் சுமக்கிறார். தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குச் சப்பாத்தும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். கட்டுரை முழுக்க அவளால் உடனே செய்யக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான்.)

3

சனிக்கிழமை விடியப்புறம் ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட வான் வண்டி புறப்பட்டது. கிளிநொச்சியில் மாகாணமட்டப் போட்டி. மூவாயிரம் மீற்றரில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் கொழும்புக்குப் போகலாம். அடுத்த வருடம் யதுர்ஷிகாவுக்கு ஓ.எல். பரீட்சை. "அதுக்குப் பிறகு ஓட்டமும் இல்லை, ஆட்டமும் இல்லை" என்று தாய் முடிவாகச் சொல்லியிருந்தார். அவளுக்கு இருந்தது இந்த ஒரு நாள்தான்.

வானில் அவளுக்குப் பக்கத்தில் சுதர்சினி. ஒரே வகுப்பு, ஒரே ஒழுங்கையில் வீடு. அஞ்சலோட்டத்தில் கோல் மாற்றி ஓடுகிறவள். இனிக் கதை அவளோடு போகட்டும். நான் அங்கே இல்லை, அவள் இருந்தாள்.

பரந்தன் சந்தியில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். சுதர்சினி இரண்டு கப்போடு வந்தாள்.

"இந்தா, பிளேன்ரீ."

"வேண்டாம்."

"வெறுவயித்தோட ஓடப் போறியே?"

"பாண் சாப்பிட்டனான்."

"தண்ணியில்லாமல் பாண் என்னெண்டு இறங்கினது?"

யதுர்ஷிகா சிரித்தாள். சிரித்து முடிந்தும் மேலுதடு பல்லை விட்டு இறங்கவில்லை. காய்ந்து ஒட்டியிருந்தது. அதை அவள் விரலால் இழுத்துவிட்டதைச் சுதர்சினி பார்த்தாள். முதல்நாள் மாலை கிணற்றடியில் அவள் வாயைக் கொப்புளித்துக் கொப்புளித்துத் துப்பியதும் நினைவுக்கு வந்தது. ஒரு மிடறும் இறக்கவில்லை.

"எடியே, நேற்றுப் பின்னேரத்தில இருந்து நீ தண்ணியே குடிக்கேல்லை, என்ன?"

"மெல்லக் கதை. மிஸ்ஸுக்குக் கேக்கும்."

"ஏனடி?"

"அம்மாளுக்கு நேர்ந்திட்டன். ஓடி முடியிறவரைக்கும் ஒரு சொட்டும் இல்லை. தேனுகா அக்கா மாதிரி."

"அவா காலால ஓடி வென்றவா. தொண்டையாலயே ஓடினவா?"

"உனக்கு நேர்த்தியைப் பற்றி என்ன தெரியும்? போன முறை அஞ்சலில கோலைக் கீழ போட்டனி நீ."

"உதுக்கும் அதுக்கும் என்ன? மிஸ்ஸிட்டச் சொல்லப் போறன்."

யதுர்ஷிகா அவளுடைய கையைப் பிடித்து இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்தாள். "சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு. என்ர தலையில."

வான் ஹோர்ன் அடித்தது. மற்றப் பிள்ளைகள் ஏறினார்கள். கையை எடுக்க விடாமல் அவள் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"சரி. சத்தியம்" என்றாள் சுதர்சினி.

தலையில் அடித்த சத்தியத்தை முறித்தால், அந்தத் தலைக்குரிய ஆளுக்குத்தான் கேடு வரும் என்பது அவர்களுடைய ஊர்க்கணக்கு. சுதர்சினியும் அதை நம்புகிறவள். சொன்னால் யதுர்ஷிகாவுக்கு ஏதும் நடக்கும். சொல்லாவிட்டாலும் நடக்கும்.

4

நிகழ்ச்சிநிரலில் ஓட்டம் எட்டு மணிக்கு. வெயில் ஏறுமுன் தூர ஓட்டங்களை முடிப்பதுதான் வழக்கம். ஆனால் பிரதம விருந்தினர் வராமல் கொடி ஏறாது, கொடி ஏறாமல் ஓட்டம் தொடங்காது. எட்டரை. ஒன்பது. "இன்னும் சொற்ப வேளையில்…" என்று ஒலிபெருக்கி ஒன்பதரைக்கும் சொன்னது, பத்துக்கும் சொன்னது.

(வெயில் முப்பத்தெட்டுப் பாகை என்று எழுதியிருந்தேன். மிஸ்ஸிடம் வாசித்துக் காட்டினேன். "ஆர் ஐயா அளந்தது?" என்றார். வெட்டிவிட்டேன். இரும்புக் கதிரையில் கை வைக்க முடியவில்லை என்று சுதர்சினி சொன்னாள். அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.)

இந்த இடத்தில் சுதர்சினி என்ற பாத்திரம் எனக்குச் சிக்கலாகிவிட்டாள். முதல் வரைவில் அவள் எட்டரைக்கே ஓடிப்போய் மிஸ்ஸிடம் சொல்லிவிடுகிறாள். வாசகருக்கு அவளைப் பிடிக்கும். ஆனால் அவள் போனது பத்தே முக்காலுக்கு. அவளையே கேட்டேன். "அவ்வளவு நேரமும் பயத்தில சும்மாதான் இருந்தனான். அப்பிடியே எழுதுங்கோ" என்றாள்.

ஆகவே அப்படியே. இரண்டேகால் மணி நேரம் அவள் பந்தலுக்குக் கீழே யதுர்ஷிகாவைப் பார்த்தபடி இருந்தாள். மற்ற ஓட்டக்காரிகள் போத்தலும் கையுமாக இருந்தார்கள். ஒருத்தி தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். அந்தத் தண்ணீர் மண்ணில் இறங்குவதை யதுர்ஷிகா கண் வெட்டாமல் பார்த்தாள். பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கக்கூசுக்குப் போனனியே?" என்று கேட்டாள் சுதர்சினி.

"இல்லை."

"காலமையில இருந்து?"

"வரேல்லை."

பத்தரைக்குப் பிரதம விருந்தினரின் வாகனம் வந்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். யதுர்ஷிகாவும் எழுந்தாள், உடனே கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கொடி ஏறுகிறவரை பிடித்த கையை எடுக்கவில்லை. மற்றவர்களுடைய மேற்சட்டையெல்லாம் முதுகில் ஒட்டிக் கிடந்தன. அவளுடைய மேற்சட்டையில் ஈரமே இல்லை.

அதைக் கண்ட பிறகுதான் சுதர்சினி நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். மிஸ்ஸுக்கு முன்னால் போய் நின்று அழத் தொடங்கினாள்.

5

"நேற்றையில இருந்தோ?" என்றார் பிரேமிளா மிஸ். "விசரி! உனக்கு எப்பவடி தெரியும்?"

"பரந்தனில, மிஸ்."

மிஸ் போத்தலை எடுத்துக்கொண்டு நேரே யதுர்ஷிகாவிடம் போனார்.

"குடி."

"ஏலாது மிஸ்."

"குடி எண்டு சொல்லுறன்."

"நேர்ந்திட்டன் மிஸ். குடிச்சாக் குற்றம்." யதுர்ஷிகா சுதர்சினியைப் பார்க்கவே இல்லை. "தேனுகா அக்கா குடிக்கிறேல்லை. பேப்பரில வந்திருக்கு."

"பேப்பரில ஆயிரம் வரும்."

"அவா வென்றதும் பேப்பரிலதான் வந்தது. அது மட்டும் உண்மையே மிஸ்?"

ஓட்டத்துக்கு இருபது நிமிடம் இருந்தது. போத்தலைக் கதிரையில் வைத்துவிட்டு மிஸ் சொன்னார்:

"கேள். நீ குடிச்சா ஓடு. குடிக்காட்டி நான் நடுவர் மேசைக்குப் போய் உன்ர பேரை வெட்டுவன். எனக்கு அம்மாளை விட உன்ர அம்மாவுக்குத்தான் பயம்."

"வெட்டுங்கோ. வெட்டினா இனி நான் மைதானத்தில கால் வைக்கமாட்டன்."

அது வெறும் மிரட்டல் இல்லை என்பது மிஸ்ஸுக்குத் தெரியும். மூன்று வருடமாக அவளை ஓடவைத்தவர் அவர். அவள் பையோடு கொண்டுவந்திருந்த கணக்குக் கொப்பியை வாங்கி, ஒட்டியிருந்த கட்டுரையின் அடியில் என் பெயரைப் பார்த்தார். இதழின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கே வேலைக்கு இருந்த பிள்ளை எதுவும் கேட்காமல் என் இலக்கத்தைக் கொடுத்துவிட்டது.

6

நான் வீட்டில் ஒரு தொடர்கதையின் இருபத்திரண்டாம் அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஐயா, கிளிநொச்சி மைதானத்தில இருந்து ஒரு விளையாட்டு ரீச்சர் கதைக்கிறன். தேனுகாவைப் பற்றி நீங்கள்தானே எழுதினது?"

"ஓம் ரீச்சர்." பாராட்டத்தான் எடுக்கிறார் என்று நினைத்துக் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

"அந்தத் தண்ணி விசயம் உண்மையோ?"

"அது வந்து ரீச்சர்… ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு உடம்பு…"

"உடம்பைப் பற்றி எனக்குப் படிப்பிக்காதேங்கோ ஐயா. ஒரு பிள்ளை நேற்றுப் பின்னேரத்தில இருந்து தண்ணியில்லாமல் என்ர பக்கத்தில நிக்குது. பதினைஞ்சு நிமிசத்தில ஓட்டம். நீங்கள் கதைக்கிறது அவளுக்கும் கேக்குது. ஓமோ, இல்லையோ?"

(இங்கே ஒரு கௌரவமான பதிலை எனக்கு எழுதிக்கொள்ளலாம். எழுதியும் பார்த்தேன்: *நான் தயங்காமல் உண்மையை…* இல்லை. தயங்கினேன். "லைன் அறுந்திட்டுது எண்டு நினைச்சன்" என்று மிஸ் பிறகு சொன்னார். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது அந்தப் பிள்ளையின் நிலை இல்லை. இது தேனுகாவின் வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும், ஆசிரியருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றுதான் ஓடியது.)

"இல்லை ரீச்சர்" என்றேன். "நான் இட்டுக்கட்டினது."

மறுமுனையில் ஒரு சிறிய, வறண்ட குரல் வந்தது. "பொய். மிஸ்ஸுக்காகச் சொல்லுறீங்கள்."

"இல்லைப் பிள்ளை. அவா தண்ணிக் கிளாஸைத் தொடேல்லை. நானா நினைச்சு எழுதினன்."

"ஏன் தொடேல்லை எண்டு கேட்டனீங்களோ?"

"கேக்கேல்லை."

"கேக்காமலே அம்மாளையும் சேர்த்து எழுதினனீங்களோ?"

"ஓம்."

ஒலிபெருக்கி ஏதோ அறிவித்தது. அது ஓயும்வரை அவள் காத்திருந்தாள்.

"அப்ப மிச்சத்தில எது பொய்? பள்ளிக்கூடத்துக்கு எட்டுக் கிலோமீற்றர் ஓடிப் போனவா எண்டது?"

"நாலு. நான் போறதையும் வாறதையும் கூட்டிப்போட்டன்."

"முதல் போட்டியில தோத்தும் அழேல்லை எண்டது?"

"அழுதவா. தாய் சொன்னவா. ரெண்டு நாள் பாயை விட்டு எழும்பேல்லையாம்."

"அதை ஏன் எழுதேல்லை?"

சாய்ந்திருந்த நான் கதிரையின் விளிம்புக்கு வந்தேன்.

"நானும் போன வருசம் அப்பிடித்தான் கிடந்தனான்" என்றாள் அவள். "எனக்கு மட்டும்தான் அப்பிடியெண்டு நினைச்சன்."

மிஸ் ஏதோ சொன்னார். போத்தல் நீட்டப்படுகிறது என்று ஊகித்தேன். பிறகு அவளுடைய குரல் மறுபடி வந்தது, இப்போது இன்னும் கிட்டத்தில்:

"அங்கிள், நீங்கள் எழுதினது பொய். நான் நேர்ந்தது பொய்யில்லையே?"

7

என் பொய்யை நான் திருப்பி எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் மிஸ்ஸும் நம்பியிருந்தோம். அந்தப் பொய் இப்போது எங்கள் கையில் இல்லை. அவள் அதை அம்மாளிடம் கொடுத்திருந்தாள்.

அதற்கு வழி கண்டவள் சுதர்சினிதான். தொலைபேசியை யாரோ கதிரையில் வைத்துவிட, மிச்சம் எனக்குத் தூரத்துக் குரல்களாகக் கேட்டது. கேட்காததை அவளிடம் பிறகு கேட்டுக்கொண்டேன்.

அவள் தன் லேஞ்சிக் கைக்குட்டையை உதறி விரித்து, நடுவில் ஒரு காசை வைத்து முடிச்சுப் போட்டாள்.

"காச்சல் வந்து நேர்த்தியைச் செய்ய ஏலாமப் போனா எங்கட அம்மா என்ன செய்யிறவா? காசு முடிஞ்சு வைக்கிறேல்லையே? அதுமாதிரி முடிஞ்சு வை. அம்மாள் பொறுத்துக்கொள்ளுவா."

"அது காச்சலுக்கு. நீ கதையாத. சத்தியத்தை முறிச்சனி."

"முறிச்சன்தான். ஏதும் நடந்தா என்னில வரட்டும். இப்ப உன்ர மூஞ்சையைப் பார், காச்சல்காரி இதைவிட வடிவா இருப்பாள்."

"குடிச்சாப் பிறகு எந்த நேர்த்தியடி மிச்சம்?"

"வேற நேர்ந்துகொள். பொங்கல் வை. பொங்கத் தண்ணி வேணும்தானே? அம்மாளுக்குத் தண்ணியோட ஒரு கோவமும் இல்லை."

யாரோ சிரித்தார்கள். மிஸ்ஸாக இருக்கலாம். யதுர்ஷிகா சிரித்ததாகச் சுதர்சினி சொல்லவில்லை. ஆகவே நானும் எழுதவில்லை.

"குடிச்சாலும் மெல்ல மெல்லக் குடி" என்றார் மிஸ். "ஓடேக்க தலை சுத்தினா அந்த இடத்திலயே நிக்கவேணும். விளங்கிச்சோ?"

அதோடு தொலைபேசி துண்டிக்கப்பட்டது.

8

அன்று பின்னேரம் பிரேமிளா மிஸ் மறுபடி தொலைபேசி எடுத்தார். யதுர்ஷிகா வீட்டில் இருக்கிறாள், நலமாக இருக்கிறாள். இதை மிஸ்ஸிடம் ஒரு தடவையும், சுதர்சினியிடம் ஒரு தடவையும், தாயிடம் ஒரு தடவையும் கேட்டு உறுதிசெய்திருக்கிறேன். உங்களுக்கு நான் தரும் ஒரே உத்தரவாதம் இது.

மற்றது எதையும் தர முடியாது. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதியும் பார்த்தேன்.

*கடைசிச் சுற்றில் அவள் எல்லோரையும் முந்திக்கொண்டு…*

*மிஸ் பேனையால் பெயரின் மேல் கோடு இழுத்தபோது, அவள் கண்களில்…*

*இரண்டாவது சுற்றின் வளைவில் அவளுடைய கால்கள்…*

இவற்றில் ஒன்று உண்மைக்குக் கிட்ட வரலாம். ஒன்றும் வராமலும் இருக்கலாம். இந்தக் கதையை எழுத அனுமதி கேட்டபோது, மிஸ் மூலம் அவள் ஒரு சொல் சொல்லி அனுப்பியிருந்தாள்: "எழுதட்டும். ஆனா தண்ணிப் போத்தலுக்குப் பிறகு நடந்ததை அவர் எழுதக் கூடாது. அதை நான்தான் ஆக்களுக்குச் சொல்லுவன்."

ஆசிரியர் கோபப்பட்டார். "முடிவில்லாமல் என்ன கதை? பிள்ளையள் வாசிக்கிற பக்கம்!" பிள்ளைகள் வாசிக்கிற பக்கம் என்பதால்தான், என்றேன். அவள் வென்றாள் என்று எழுதினால் எதைச் செய்து வென்றாள் என்று ஒரு பிள்ளை தேடும். தோற்றாள் என்று எழுதினாலும் தேடும். அவளே சொல்லட்டும். அவள் சொன்னால் அது ஓட்டத்தைப் போலவே அவளுடையதாக இருக்கும்.

ஆகவே எனக்கு அனுமதிக்கப்பட்ட கடைசி நிமிடத்தை மட்டும் தருகிறேன். சரிபார்த்தது.

மணி பதினொன்றே கால். வளைந்த கோட்டில் பன்னிரண்டு பேர் நிற்க வேண்டும், பதினொரு பேர் நிற்கிறார்கள். பந்தலுக்குக் கீழே சுதர்சினி ஒரு கையில் மூடி திறந்த போத்தலையும் மற்றக் கையில் முடிச்சையும் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். இரண்டையும் யதுர்ஷிகா இன்னும் வாங்கவில்லை. மிஸ் பேனையைக் கையில் எடுத்துக்கொண்டு மேசையை நோக்கி மெதுவாக, மிக மெதுவாக நடக்கிறார். ஒலிபெருக்கி அவளுடைய இலக்கத்தை இரண்டாம் தடவை அழைக்கிறது. மூன்று தடவைக்கு மேல் அழைக்கமாட்டார்கள்.